நானூற்றுப் பன்னிரண்டும் ஒன்றும்

அன்று இருந்தவர்கள் இவ்வளவு பேர்.

வாத்துக்காரி ரஞ்சிதம், வயது முப்பத்தொன்பது. அவளிடம் வந்து சேர்ந்திருந்த சிங்காரவேலு, ஐம்பத்தொன்று. நடுவழியில் வந்து மாட்டிய இன்னொரு வாத்துக்காரன் குப்புராசு, அவன் மனைவி பூவாயி. ஆக மனிதர் நான்கு.

நாய் ஒன்று. பெயர் சின்னான்.

ரஞ்சிதத்தின் வாத்து நானூற்றுப் பன்னிரண்டு. குப்புராசுவின் வாத்து முந்நூற்று நாற்பது.

இதில் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

புரட்டாசி மாதம். குறுவை அறுப்பு முடிந்து, வயலில் சிந்திய நெல்லை வாத்து பொறுக்கும் காலம். காலை ஏழு மணிக்கு சிங்காரவேலு ரஞ்சிதத்தின் முன்னால் வந்து நின்றான்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கண்ணே.”

“இன்னையோட முப்பத்தேழு நாளாச்சு. குடிக்கல. கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கேன். தூங்குறப்பவும் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன். கொஞ்சம் விட்டா போயிரும்னு பயம். எத்தனை நாளைக்கு இப்படிப் பிடிக்கணும்?”

ரஞ்சிதம் வாத்துகளைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த மூங்கில் கம்பை அவனிடம் நீட்டினாள்.

“இன்னைக்கு வாத்தை நீங்க ஓட்டுங்க.”

“கேட்டதுக்குப் பதில்?”

“ஓட்டுங்கண்ணே. வெயில் ஏறுது.”

சிங்காரவேலு இருபத்து நான்கு வருஷம் மினி பஸ் ஓட்டியவன். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினானோ அந்தப் பக்கம் ஐம்பது பேர் சேர்ந்து திரும்பினார்கள். அப்படிப் பழகிய கை. குடியில் முதலில் வேலை போனது, அப்புறம் லைசென்ஸ், அப்புறம் வீடு. ஆஸ்பத்திரியில் இருபத்தொரு நாள் கிடந்து தெளிந்தான். கிளம்பும்போது அங்கிருந்த நர்ஸ் ஒரு பெயரைச் சொன்னாள். மீதிப் பதினாறு நாளாக ரஞ்சிதத்துடன் நடக்கிறான்.

ரஞ்சிதமும் ஒரு காலத்தில் குடித்தவள்தான். தண்ணீரில் நின்று குளிர் எடுக்கிறது என்று தொடங்கி, வெயில் அடிக்கிறது என்றும் குடித்தவள். விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவளைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவளிடம் உபதேசம் என்று எதுவும் கிடையாது. வாத்து உண்டு.

மறுநாள் காலை சிங்காரவேலுவின் மகள் செந்தாமரையின் குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள். பெண் குழந்தை. அவன் இன்னும் பார்க்கவில்லை.

மகள் போனில் சொல்லியிருந்தாள்.

“வாங்கப்பா. ஆனா வாடை அடிச்சா வாசலோட திரும்பிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கதவை மட்டும் சாத்திடுவேன்.”

அதனால் அன்று ஒரு நாள் மட்டும் எப்படியாவது தாண்டிவிட வேண்டும்.

சிங்காரவேலு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். சுற்றுவட்டாரத்தில் எங்கெங்கே சாராயக்கடை என்று படம் போட்டு வைத்திருந்தான். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

“அடுத்த வயலுக்குக் கடைத்தெரு வழியா ஒரு மைல். அந்த வழியில கடை ஒண்ணு. வாய்க்கால் வழியா மூணு மைல். கடை கிடையாது. வாய்க்கால் வழியா போவோம்.”

“வாய்க்கால்ல நேத்துத்தான் தண்ணி விட்டிருக்காங்க அண்ணே.”

“விட்டா என்ன?”

“வாத்து தண்ணியப் பாத்தா நம்ம பேச்சைக் கேக்காது.”

“நான் பாத்துக்கறேன்மா. எல்லாம் கணக்குப் போட்டுட்டேன்.”

“சரி,” என்றாள் ரஞ்சிதம். மதியம்வரை அந்த வயலிலேயே மேயவிட்டு, பிறகு சின்னானைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்.

முதல் அரை மைல் நன்றாகத்தான் போனது. சிங்காரவேலு இடமும் வலமும் ஓடினான். விலகிய வாத்தை விரட்டிச் சேர்த்தான். நின்ற வாத்தைக் கம்பால் தட்டினான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாத்துக்கு வியர்க்கவில்லை.

“அண்ணே, கொஞ்சம் மெதுவா.”

“விட்டா கலைஞ்சிரும்மா!”

வாய்க்கால் வந்தது. கரை நிறையத் தண்ணீர்.

நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே சமயத்தில் குதித்தன. அப்படி ஒரு சந்தோஷக் கூச்சல். தலையை முக்கின, வாலைத் தூக்கின, இறக்கையை அடித்துக்கொண்டன. தண்ணீரோடு போய் வளைவில் திரும்பின.

அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னும் முந்நூற்று நாற்பது வாத்து குளித்துக்கொண்டிருந்தது. அது சிங்காரவேலுவின் தாளில் இல்லை.

அவன் மூச்சிரைக்க ஓடி வந்து பார்த்தபோது வாய்க்காலில் தண்ணீர் தெரியவில்லை. வாத்துதான் தெரிந்தது. எழுநூற்று ஐம்பத்திரண்டு. எல்லாம் ஒரே பழுப்பு. ஒரே சத்தம்.

எதிர்க்கரையில் ஒருவன் தலைப்பாகையைக் கழற்றி உதறினான். அவன்தான் குப்புராசு. வந்தவாசிப் பக்கத்திலிருந்து மேய்த்துக்கொண்டு வந்திருந்தான். ரஞ்சிதத்துக்கு ஏற்கெனவே பழக்கம்.

“இன்னா தங்கச்சி! ரோடு மேல போறதை வுட்டுட்டு வாய்க்கால்ல வந்து கலந்துட்டியே!”

“நான் இல்லண்ணே. இன்னைக்கு டிரைவர் வேற ஆளு.”

“யோவ், நீதான் டிரைவரா? பிரேக்கு எங்கய்யா?”

சிங்காரவேலு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டான்.

“நான் பிரிச்சுடறேன். யாரும் பதற வேண்டாம். நான் பிரிச்சுடறேன்.”

பதறியது அவன் ஒருவன்தான். குப்புராசுவும் பூவாயியும் இந்தக் கரைக்கு வர, மற்ற மூவரும் வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். பூவாயி தூக்குவாளியைத் திறந்தாள். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. ரஞ்சிதம் தன் பங்குக்கு எலுமிச்சம் சோற்றையும் வறுத்த நெத்திலியையும் எடுத்து வைத்தாள்.

மேய்ப்பவர்களிடையே வழக்கம் ஒன்று உண்டு. இரண்டு மந்தை கலந்துவிட்டால் முதலில் சாப்பிட வேண்டும். வாத்து அடங்கும்வரை ஆளும் அடங்கி இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரிப்பது.

சிங்காரவேலுவுக்கு இது தெரியாது. அவன் கேட்கவும் இல்லை.

ஒரு மணி நேரம் அவன் வாத்து பிடித்தான். பதினான்கு பிடித்தான். ஒவ்வொன்றையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, நம்முடையதா அவர்களுடையதா என்று முடிவு செய்து கரையில் இருந்த கூடையில் போட்டான். கூடைக்கு மூடி இல்லை. அவன் அடுத்ததைப் பிடிப்பதற்குள் முதலாவது மறுபடியும் தண்ணீரில் இருந்தது.

“பதினெட்டாவது தரம் அதே வாத்தைப் பிடிக்கிறாரு பாரு,” என்றாள் பூவாயி.

“இல்லக்கா. மூணாவது தரம்தான்,” என்றாள் ரஞ்சிதம்.

பதின்மூன்று போனது. பதினான்காவதைக் கூடையில் போடாமல் வலது அக்குளில் இடுக்கிக்கொண்டான். இடது கையில் கம்பு. அப்படியே வழுக்கி விழுந்து, எழுந்து, சேறு வழிய கரையேறி வந்தான். கண் சிவந்திருந்தது. கை நடுங்கியது.

அது குளிர் நடுக்கம் மட்டும் இல்லை. அந்த நடுக்கம் ரஞ்சிதத்துக்குத் தெரியும்.

குப்புராசு கெட்டவன் இல்லை. பாவம் என்றுதான் செய்தான். பைக்குள் கையை விட்டுப் பாதி பாட்டிலை எடுத்தான்.

“நடுங்கிக்கினு கீறியே டிரைவரு. ஒரு மூடி போடு. சூடு ஏறும்.”

மூடி திறந்தது. வாடை வந்தது.

சிங்காரவேலு அதைப் பார்த்தான். பதினொரு கடையையும் சுற்றிக்கொண்டு போகத் தாளில் வழி போட்டிருந்தான். பன்னிரண்டாவது எதிரே வந்து உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தது.

 வாத்து கொஞ்சம் அடங்கியிருந்தது.

“அம்மா.”

“சொல்லுங்கண்ணே.”

“என்னால முடியல.”

“எது?”

“வாத்தும் முடியல. இதுவும் முடியல. எதையுமே என்னால பிடிச்சு நிறுத்த முடியல.”

சொல்லிவிட்டு அழுதான். ஐம்பத்தொரு வயது ஆள், அக்குளில் வாத்தோடு நின்று அழுதான்.

ரஞ்சிதம் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. ரொம்ப நாளாகக் காத்திருந்த விருந்தாளி வாசலில் வந்து நின்றால் ஒரு சிரிப்பு வருமே, அது.

“அப்ப உக்காந்து சாப்பிடுங்க,” என்றாள்.

பூவாயி புருஷன் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தாள்.

“ஆளைப் பாத்து நீட்டுய்யா. வாத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னால உன்னைப் பிரிச்சுடுவேன்.”

“நான் இன்னா கண்டேன்?” என்றான் குப்புராசு. “மன்னிச்சுக்கோ டிரைவரு.”

சிங்காரவேலு உட்கார்ந்தான். ஒரு கைதான் சாப்பிட இருந்தது. அது இடது கை. அதிலும் கம்பு இருந்தது. பூவாயி பார்த்தாள், பொறுக்கவில்லை, களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டாள்.

“நாளைக்குப் பேத்தியைத் தூக்கப் போறதா தங்கச்சி சொல்லுது. இப்படித்தான் இடுக்கிப்பியா?”

வாத்து அக்குளிலிருந்து தலையை நீட்டி அவன் மடியில் விழுந்த களியைத் தின்றது.

நாலு பேரும் சிரித்தார்கள். அழுத கண்ணோடு அவனும் சிரித்தான். மூன்று உருண்டை சாப்பிட்டான். நடுக்கம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவன் கவனிக்கவில்லை.

“சரி, பிரிப்போமா?” என்றாள் ரஞ்சிதம்.

“எப்படிம்மா?”

“குப்புராசண்ணன் மேற்கே நடப்பாரு. நாம கிழக்கே நடப்போம். அவரு அவரோட குரல்ல கூப்பிடுவாரு. நான் என்னோட குரல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. நடக்கிறது மட்டும்தான். திரும்பிப் பாக்கக் கூடாது.”

“பாத்தா?”

“முன்னால வர்ற வாத்து நின்னுடும். அது நின்னா பின்னால வர்றதும் நின்னுடும். மறுபடியும் கலந்துடும்.”

“அப்ப வருதா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

சிங்காரவேலு கம்பை இறுக்கிப் பிடித்தான்.

“கம்பைக் கீழ போடுங்கண்ணே.”

போட்டான்.

“வாத்தையும்.”

“இது ஒண்ணு இருக்கட்டும்மா,” என்றான். “இது நம்மளது. பதினாறு நாளா பாத்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? எல்லாம் போனாலும் இது ஒண்ணாவது மிஞ்சும்.”

ரஞ்சிதம் அந்த வாத்தைப் பார்த்தாள். வாத்தும் அவளைப் பார்த்தது.

“உங்க இஷ்டம்,” என்றாள்.

இரண்டு குரல் எழுந்தது. மேற்கே குப்புராசு நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தான். கிழக்கே ரஞ்சிதம், “தோ… த்தோ… த்தோ…” என்று நீட்டிக் கூப்பிட்டாள். முதுகைக் காட்டி நடந்தாள். பக்கத்தில் சிங்காரவேலு. முன்னால் சின்னான்.

பத்து அடி. பின்னால் சத்தம் இல்லை.

இருபது அடி.

“வரலம்மா.”

“த்தோ… த்தோ…”

“அம்மா, ஒரு தடவை திரும்பட்டுமா? லேசா?”

“கழுத்து உங்களுது. வாத்து என்னுது.”

முப்பது அடி. பஸ் ஓட்டும்போது தலைக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கும். ஏறியவர், இறங்கியவர், டிக்கெட் எடுக்காதவர் எல்லாரும் அதில் தெரிவார்கள். அவன் கண் தானாக மேலே போய்த் தேடியது. அங்கே வானம் இருந்தது.

“வரலன்னா என்னம்மா செய்யறது?”

“வரலன்னா வரல. கோழி வளப்போம்.”

“உங்க பொழைப்பே போயிருமே! என்னாலதானே!”

“த்தோ… த்தோ… நடங்கண்ணே, சேறு வழுக்கும். காலைப் பாத்து வைங்க.”

காலைப் பார்த்து வைத்தான். ஒரு காலை எடுத்து வைத்துவிட்டால் அடுத்த காலைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. வேறு ஒன்றுக்கும் இடம் இல்லை.

நாற்பத்து மூன்றாவது அடியில் அது கேட்டது.

தூரத்தில் மழை வருவது போல ஒரு சத்தம். மழை நெருங்கியது. ஈரச் சேற்றில் சின்னச் சின்னப் பாதம், நூறு நூறாக, சப்புச் சப்பு என்று. நடுநடுவே ஒரு கேவல், ஒரு சண்டை, ஒரு கொக்கரிப்பு. முதுகுக்குப் பின்னால் ஒரு ஊரே பேசிக்கொண்டு வருவது போல இருந்தது.

சிங்காரவேலுவுக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிப் பார்த்தான். மூக்கு வழியாக வந்தது.

“அம்மா! வருது!”

“அப்படியா?” என்றாள் ரஞ்சிதம். அவளும் திரும்பவில்லை.

கரை முடிந்தது. தார் ரோடு வந்தது. ஹாரன் சத்தம், சைக்கிள் மணி, பஜ்ஜி வாசனை. யாரோ சிரித்தார்கள். மஞ்சள் சுவர் ஒன்றின் ஓரத்திலிருந்து ஓர் ஆள் கத்தினான்.

“அண்ணே! தொட்டுக்க வேணும்னு நினைச்சேன், ஊர்வலமாவே வருதே!”

சிங்காரவேலு தலையைத் திருப்பாமல் கத்தினான்.

“திரும்ப முடியாது தம்பி! மன்னிச்சுக்கோ!”

அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. அவன் நடந்தான். காலைப் பார்த்து வைத்தான். பின்னால் மழை விடவே இல்லை.

அடுத்த வயலில் ரஞ்சிதம் முந்தின நாளே போட்டு வைத்த வலைப் பட்டி தயாராக இருந்தது. நுழைவாயில் இரண்டு வாத்து அகலம். மணி நாலரை. அந்தி சாய இன்னும் நேரம் இருந்தது.

“இப்ப திரும்பலாம்,” என்றாள் ரஞ்சிதம்.

அவன் திரும்பினான்.

எவ்வளவு நேரம் நின்று பார்த்தான் என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை.

பிறகு கேட்டான்.

“நாம கடைத்தெரு வழியாவா வந்தோம்?”

“கிழக்கே வேற வழி ஏது?”

“அங்க கடை இருக்குமே.”

“இருந்துச்சு.”

“எங்க?”

“நீங்க மன்னிப்புக் கேட்டது கடை வாசல்லதான்.”

சிங்காரவேலு சட்டைப் பையைத் தொட்டான். தாள் தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தது. பதினொரு வட்டமும் ஒன்றோடொன்று கலந்து, பை முழுக்க ஒரே சிவப்பு.

“எண்ணுங்கண்ணே,” என்றாள் ரஞ்சிதம். “நீங்க ஓட்டிக்கிட்டு வந்தது.”

“நான் எங்கம்மா ஓட்டினேன்?”

“சரி. வந்ததை எண்ணுங்க.”

வாத்து இரண்டிரண்டாகப் பட்டிக்குள் நுழைந்தது. அவன் ஜோடி ஜோடியாக எண்ணினான். உதடு அசைந்தது. நூறு ஜோடி. நூற்றைம்பது. இருநூறு.

இனி எவ்வளவு வரும் என்று அவனுக்குத் தெரியும். ஐந்து ஜோடி, அதற்குப் பிறகு ஒற்றையாக ஒன்று. அந்த ஒற்றைக்கு ஜோடி அக்குளில் இருக்கிறது. அதை இறுக்கிக்கொண்டான்.

இருநூற்று ஐந்து.

ஒற்றை வந்தது. அதன் பின்னால், அவசரமே இல்லாமல், வழியில் ஒரு நத்தையைக் கொத்தித் தின்றுவிட்டு, இன்னொன்று வந்தது.

இருநூற்று ஆறு ஜோடி.

சிங்காரவேலு நின்றான். விரலை மடக்கினான். நிமிர்த்தினான். பட்டியைப் பார்த்தான். அக்குளைப் பார்த்தான்.

ரஞ்சிதத்தின் இடுப்பில் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“தங்கச்சி, எல்லாம் வந்துட்ச்சா?” குப்புராசுவின் குரல்.

“வந்துடுச்சுண்ணே.”

“எனக்கு மட்டும் ஒண்ணு குறையுதும்மா. மூணு தடவை எண்ணிட்டேன்.”

பின்னாலிருந்து பூவாயி கத்துவது கேட்டது. “டிரைவரோட அக்குளைப் பாக்கச் சொல்லுய்யா!”

ரஞ்சிதம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. சின்னான் எதற்கென்று தெரியாமல் குரைத்தது.

பட்டிக்குள் நானூற்றுப் பன்னிரண்டு.

சிங்காரவேலுவிடம் மிச்சம் ஒன்று.